ஊருணியில் நாங்கள் அள்ளியது

எங்கள் ஊர் ஊருணியின் தண்ணீரைக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன். இதை எழுத மூன்று ஆண்டுகள் பிடித்ததற்கு வெட்கம் ஒரு காரணம். எதைக் கெடுத்தோம், எப்படிக் கெடுத்தோம் என்பதே நெடுநாள் எனக்கு விளங்காமல் இருந்தது மற்றொரு காரணம். சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு ஊருணியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய் வயலுக்கு, ஊருணி வாய்க்கு. என் சிறுவயதில் அதில் கால் நனைத்தாலே வசவு விழும்; ஆடு மாடு இறங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு காவல்காரர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். தெருவுக்குக் குழாய் வந்த பிறகு காவலும் போயிற்று, இடுப்புக் குடங்களும் போயின. துணி துவைப்பதும் ஆட்டைக் குளிப்பாட்டுவதும் மெல்ல மெல்லப் படியேறி வந்துவிட்டன. ஆனாலும் தண்ணீர் மட்டும் எப்படியோ தெளிவாகவே இருந்தது. படித்துறையின் நான்காம் படியில் விழுந்த ஒரு ரூபாய் நாணயத்தை மேலே நின்றே பார்க்கலாம். அந்தத் தெளிவுக்குக் காரணம் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விடுமுறைக்குச் சென்னை, கோவை, பெங்களூர் என்று பல ஊர்களிலிருந்து வந்திருந்த இருபத்து மூன்று பேர் சேர்ந்து ஊருணியைச் சுத்தம் செய்தோம். யோசனை என்னுடையது, வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கியவனும் நான்தான். நடுத் தண்ணீரில் ஆள் உயரத்துக்கு அடர்ந்து, மேல்மட்டம் வரை வந்து தலைகாட்டிக்கொண்டிருந்த பச்சை எங்கள் கண்ணை உறுத்தியது. வீட்டுக்கு வீடு கேட்டு வாங்கிய பாதாளக்கரண்டிகளைக் கயிற்றில் கட்டி வீசி, லாரி டியூபில் மிதந்தபடி உள்ளே போனவர்கள் அரிவாளால் அறுத்து, இரண்டு நாளில் கரை முழுவதும் குவித்துவிட்டோம். எத்தனை டிராக்டர் பாரம் இருக்கும் என்று எண்ணவில்லை; வண்டி வைத்து அப்புறப்படுத்தப் பணமும் இல்லை, ஆகவே அந்தக் குவியலைக் கரையின் உட்சரிவிலேயே விட்டுவிட்டோம். இந்த வாக்கியத்தின் முட்டாள்தனம் பிறகு புரியும். வேலை முடிந்த மாலையில் எல்லாரும் படியில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். எங்களுக்குப் பின்னால் கண்ணாடி போல வெறுமையாக ஊருணி கிடந்தது. என் அப்பத்தா மட்டும் முதல் நாளே, "அதுபாட்டுக்குக் கெடக்கட்டுமே ராசா, வேலம்பாசிதானே தண்ணியத் தெளிய வச்சிருக்கு" என்று சொன்னார். எண்பத்தைந்து வயதுக்காரர் சொல்வதைச் சிரித்துக்கொண்டே கேட்டுக் கடந்துபோவது எங்கள் வீட்டில் புதிய பழக்கம் இல்லை.

பங்குனி கடைசியில் சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். "தண்ணி பச்சைப் பெயிண்ட்டைக் கரைச்சு ஊத்தினாப்புல இருக்குப்பா. விடியக்காலம் மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது." அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். எனக்கு அப்போது இருந்த ஒரே எண்ணம், இரவோடு இரவாக யாரோ எதையோ கொட்டிவிட்டார்கள் என்பதுதான்.

ஒரு சொல்லுக்குள் எத்தனை உயிர்

பழி சொல்ல ஓர் ஆளைத் தேடிக்கொண்டு போனவனுக்கு ஒரு சொல்தான் அகப்பட்டது. 'பாசி' என்ற அந்தச் சொல்லை நாம் எவ்வளவு தாராளமாகப் புழங்குகிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள். மழைக்காலத்துச் சுவரில் படர்வதும் பாசி, தண்ணீர்த் தொட்டியில் வழுக்குவதும் பாசி, குளத்துக்கு அடியில் காடு போல நிற்பதும் பாசி, கூழ் போலத் தண்ணீரில் கலந்திருப்பதும் பாசி. எங்கள் ஊரில் வேலம்பாசி என்று சொல்வதிலேயே இரண்டு செடிகள் அடக்கம். ஒன்று ஹைட்ரில்லா, கணுவுக்குக் கணு சிறிய இலைகள் வட்டமாகச் சூழ்ந்திருக்க, சேற்றில் வேரூன்றி நிற்பது. மற்றொன்று செரட்டோபில்லம், வேலமர இலையைப் போலப் பிரிபிரியாக இருக்கும் அதற்கு வேரே கிடையாது. இரண்டும் பெயரில்தான் பாசி. இரண்டுமே பூத்துக் காய்க்கும் செடிகள். ஹைட்ரில்லாவின் ஆண் பூ மொட்டாகவே செடியிலிருந்து அறுபட்டு மேலே மிதந்து வந்து, திடீரென்று வெடித்துத் திறந்து மகரந்தத்தைத் தெறிக்கவிடும். செரட்டோபில்லம் அந்தச் சிரமமும் இல்லாமல் தண்ணீருக்கு உள்ளேயே பூத்து உள்ளேயே சூல்கொள்ளும்.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் அதே ஊருணியில் உண்டு. பார்த்தால் யாரும் செடி என்றே சத்தியம் செய்யக்கூடிய காரா உண்மையில் ஒரு பாசி. தண்டு போல, கிளை போல எல்லாம் இருக்கும். மேலே சுண்ணாம்பு படிந்து கையில் நறநறவென்று உரசும். கசக்கினால் ஒருவிதப் பூண்டு வாடை அடிக்கும். படியில் கால் வைத்ததும் வழுக்கிவிடும் நூல்பாசியோ பெரும்பாலும் ஸ்பைரோகைரா. பள்ளிக்கூட ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழே சுருள் சுருளாகப் பச்சையம் காட்டிய அதே பாசிதான். அது சேர்ந்த கூட்டமே நிலத்துச் செடிகள் அனைத்துக்கும் மிக நெருங்கிய உறவு என்று இன்றைய மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆலமரத்துக்கும் நெல்லுக்கும் ஒன்றுவிட்ட தாயாதி நம்மைப் படித்துறையில் வழுக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

குறுந்தொகையில் பரணர், ஊரார் நீருண்ணும் துறையில் படரும் பாசியைப் பசலைக்கு உவமை சொல்கிறார். தொட்ட இடமெல்லாம் விலகி, விட்ட இடமெல்லாம் பரவுமாம். 'ஊருண் கேணி' என்று அவர் சொல்வது எங்கள் ஊருணியின் மூதாதையாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு இப்போது எழுகிற கேள்வி, அவர் பார்த்தது எந்தப் பாசி என்பது. நூல்பாசியாக இருக்க முடியாது; அதைத் தள்ளினால் கற்றையாகச் சுருண்டு ஒதுங்கிக் கிடக்கும், கையை எடுத்ததும் திரும்பி வந்து மூடாது. வேலம்பாசி தண்ணீருக்குள் நிற்பது. தொட்டால் விலகி விட்டால் பரவும் குணம், பாசிப்பயறு அளவுகூட இல்லாத இலைகளாக ஒன்றோடொன்று ஒட்டாமல் மேற்பரப்பை மூடி மிதக்கும் லெம்னாவுக்கே கனகச்சிதமாகப் பொருந்துகிறது. அதன் உறவான உல்ஃபியாவும் ஆகலாம். இலையும் வேரும் இல்லாத வெறும் பச்சைப் புள்ளியான அதுதான் பூக்கும் செடிகளிலேயே உலகில் மிகச் சிறியது. இது என் ஊகம்தான், உரையாசிரியர்கள் என்னை மன்னிக்கட்டும். ஆனால் அந்தப் புலவர் துறையில் குனிந்து, கையால் விலக்கி, கையை எடுத்துப் பார்த்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாங்கள் இருபத்து மூன்று பேரும் அந்த அளவுக்குக்கூடக் குனியவில்லை.

எவர்சில்வர் தட்டு

அந்த வாரம் ஊருக்குப் போனபோது படியில் இறங்கிக் கையைத் தண்ணீருக்குள் விட்டேன். மணிக்கட்டு நனைவதற்குள் விரல்கள் மறைந்துவிட்டன. நாணயம் தெரிந்த நான்காம் படி இருக்கட்டும், தண்ணீருக்குள் இருந்த முதல் படியே தெரியவில்லை. பக்கத்து ஊர்க் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரிடம் சித்தப்பா என்னை அழைத்துப்போனார். அவர் நுண்ணோக்கியை எடுப்பதற்கு முன் கேட்டது, குச்சியை விட்டுப் பார்த்தாயா என்று. மறுநாள் அவரே வந்து ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துத் தண்ணீரில் சுழற்றி எடுத்தார். நூல்பாசியாக இருந்தால் ஈர முடி போலக் குச்சியில் தொங்கும். இதுவோ பெயிண்ட் போல வழிந்து இறங்கிவிட்டது. பிறகு ஒரு எவர்சில்வர் தட்டின் விளிம்பில் துளையிட்டு, கல்லைக் கட்டி, கயிற்றில் இறக்கச் சொன்னார். 1865-ல் ஏஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணிலிருந்து மறைகிறது என்று அளந்தார். உலகம் முழுவதும் நீரின் தெளிவை இன்றும் அப்படித்தான் அளக்கிறார்கள். எங்கள் தட்டு ஒரு சாண் ஆழத்தில் மறைந்தது. சரியாக ஒரு சாண். கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்தேன்.

அப்போது அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை. "இங்கே வேலம்பாசி இருந்திருக்குமே, என்ன ஆனது?" நான் பெருமையோடு கைப்பேசியில் இருந்த பொங்கல் படத்தைக் காட்டினேன். உண்மையாகவே பெருமையோடுதான் காட்டினேன். எங்கள் உழைப்பைப் பாழாக்கியது யார் என்பதற்கு அது சாட்சி ஆகும் என்று நினைத்திருந்தேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, எங்கள் முகங்களை எல்லாம் தள்ளிவிட்டு, கரையில் கிடந்த குவியலையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தக் குவியல் இப்போது எங்கே?" என்றார். நான் கரையைப் பார்த்தேன். பங்குனி நடுவில் பெய்த கோடை மழைக்குப் பின் அங்கே கருப்பாக ஒரு தடம் மட்டும் இருந்தது. அது நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. எனக்குக் காது மடல் சுட்டது.

அவர் வீட்டு மேசையில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தபோது, பசை போன்ற ஒன்றுக்குள் ஆயிரக்கணக்கான நுண்மணிகள் ஒட்டிக்கொண்டு மேகம் மேகமாகத் தெரிந்தன. மைக்ரோசிஸ்டிஸ் என்றார். நீலப்பச்சைப் பாசி வகையைச் சேர்ந்தது, உண்மையில் பாக்டீரியா. ஆக, நான் எதிரியாகப் பார்த்த 'பாசி' செடியாக இருந்தது. அதன் இடத்துக்கு வந்த 'பாசி' பாக்டீரியாவாக இருந்தது. செல்லுக்குள் காற்றறைகளை வைத்துக்கொண்டு வெளிச்சத்தைத் தேடி மிதந்து மேலே வரக்கூடியது. நம் கோயில் குளங்கள் பலவற்றில் கோடையில் பச்சை ஏடாகப் படிவது பெரும்பாலும் இதுதான். இதன் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. பார்வையை வைத்து எது நஞ்சுள்ளது என்று சொல்ல முடியாது என்பதால், ஆடு மாடுகளை இறக்க வேண்டாம் என்று அன்றே ஊரில் சொல்லச் சொன்னார்.

அவருடைய ஆசிரியருக்கு ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்காரிடம் படித்தவராம். இந்தியப் பாசியியலின் தந்தை என்று சொல்லப்படும் ஐயங்கார் (1886–1963), மண்ணில் வளரும் ஃபிரிட்சியெல்லா என்ற ஒரு புதிய பேரினத்தை 1932-ல் உலகுக்கு அறிவித்தவர். இந்திய நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959-ல் வெளிவந்து இன்றுவரை உலகெங்கும் புரட்டப்படும் பெருநூலை எழுதிய டி. வி. தேசிகாச்சாரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்தான். குளத்துப் பாசியை இனம் பிரித்தறிவதில் சென்னைக்கு அப்படி ஒரு பெயர் இருந்திருக்கிறது. அங்கே இருபது ஆண்டு குடியிருந்தும் எனக்கு அந்தப் பெயர்கள் அதுவரை தெரியாது.

தெளிவு என்பது யாருடைய வேலை

தண்ணீரில் இருக்கும் சத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஊருணிக்குள் சோப்பு நுரையும் ஆட்டுப்புழுக்கையும் வரத்துக்கால் வழியே வயல் உரமும் வந்துகொண்டே இருந்தன. அவற்றில் முக்கியமானது பாஸ்பரஸ். கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிட்ட ஓர் ஏரியை 1973-ல் திரைபோட்டு இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் கரிமமும் நைட்ரஜனும் சேர்த்து, ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சைக் கூழாயிற்று. சோப்புத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வாதத்துக்கு அந்த ஏரியின் வான்படம் பெரும் வலுச் சேர்த்தது. எங்கள் ஊருணியில் பல ஆண்டுகளாகப் பாஸ்பரஸ் சேர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. வேலம்பாசி அதைத் தன் உடலில் வாங்கி வைத்திருந்தது. அடிச்சேறு கலங்காமல் பிடித்து வைத்திருந்தது. வெளிச்சத்தையும் தானே எடுத்துக்கொண்டு, மிதக்கும் நுண்பாசி தலைதூக்காமல் பார்த்துக்கொண்டது. நாங்கள் செடியை வேரோடு பிடுங்கிச் சேற்றைக் கலக்கினோம், நிழலை நீக்கினோம், அது சேர்த்து வைத்திருந்த சத்தைக் கரையில் அழுகவிட்டு மழையோடு திரும்பவும் உள்ளே அனுப்பினோம். உழுது, உரம்போட்டு, நீர்பாய்ச்சி மைக்ரோசிஸ்டிஸைப் பயிர்செய்தோம் என்று சொன்னாலும் மிகையில்லை.

ஆழமில்லாத ஏரிகளுக்கு இரண்டு நிலைகள் உண்டு என்று நெதர்லாந்தின் மார்ட்டன் ஷெஃபரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1993-ல் எழுதினார்கள். சத்து ஒரே அளவில் இருக்கும்போதே ஏரி தெளிந்தும் இருக்கலாம், கலங்கியும் இருக்கலாம். செடி நிற்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. தெளிந்த நீரில் வெளிச்சம் அடிவரை இறங்குவதால் செடி வளர்கிறது, செடி வளர்வதால் நீர் தெளிகிறது. கலங்கிவிட்டாலோ வெளிச்சம் இல்லாமல் செடி முளைக்காது, செடி இல்லாததால் கலங்கல் நீங்காது. ஒரு பக்கம் சரிந்துவிட்ட வண்டியைப் போல, தள்ளிவிட எவ்வளவு பலம் வேண்டியிருந்ததோ அதைவிடப் பல மடங்கு வேண்டும் நிமிர்த்துவதற்கு. குளிர்நாட்டு ஏரிகளில் செடிகளுக்கு இடையே ஒளிந்து வாழும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் பாசியை மேய்ந்து உதவுகின்றன. நம் வெப்பத்தில் சிறுமீன்கள் ஆண்டு முழுவதும் குஞ்சு பொரித்து அந்தப் பூச்சிகளைத் தின்றுவிடுவதால் அந்த உதவி இங்கே குறைவு. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இப்போது எந்தக் குட்டையிலும் இருக்கும் ஜிலேபிக் கெண்டை எங்கள் ஊருணியிலும் இருந்தது. கூடு கட்ட அது சேற்றைத் தோண்டுவது வேறு. விடியலில் மீன்கள் வாய் பிளந்ததற்கும் நஞ்சு காரணம் இல்லை என்றார் ஆசிரியர். பகலில் உயிர்வளியை வெளிவிடும் அதே பாசி இரவெல்லாம் மூச்சுவிட்டு அதைத் தின்று தீர்ப்பதால், சூரியன் எழுவதற்குச் சற்று முன் தண்ணீரில் அது மிகக் குறைந்துவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு எந்தக் களையையும் தொடவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தென்னமெரிக்காவிலிருந்து வந்து தண்ணீரை முழுதாக மூடிவிடும் ஆகாயத்தாமரையை அள்ளுவதில் எனக்கு இருவேறு கருத்து இல்லை. (அந்தப் பெயரையும் நாம் இரண்டு வேறு செடிகளுக்கு வைத்திருக்கிறோம் என்பது தனிக்கதை.) வேலம்பாசியும் அளவுக்கு மிஞ்சினால் மடையை அடைக்கும். பழைய ஆட்கள் அதைப் படித்துறையை ஒட்டி மட்டும் அவ்வப்போது விலக்கி, அள்ளியதைத் தென்னைக்கு அடியில் போட்டிருக்கிறார்கள். அப்பத்தாவிடம் இப்போது கேட்டபோது, "குடம் மொள்ற எடத்துல மட்டும் ஒதுக்குவோம்" என்றார். பரணரின் சொல்லில், தொடுவுழி மட்டும்; தொட்ட இடத்தில் மட்டும். அந்தத் தென்னை, சத்தை ஊருணிக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. குப்பையை வீணாக்காத வழக்கம் மட்டுமாகக்கூட இருந்திருக்கலாம்.

வற்றிய பிறகு

அந்த ஆண்டு வைகாசியில் ஊருணி வற்றியது. எங்களுக்கு அது அதிர்ஷ்டம் என்று ஆசிரியர் சொன்னார். குளிர்நாட்டு ஏரிக்கு வாய்க்காத ஒரு மறுபிறப்பு நம் நீர்நிலைகளுக்கு ஆண்டுதோறும் வாய்க்கிறது. மீன்கள் போயின, வெடித்த வண்டலில் மேல் இரண்டு விரற்கடை அளவு சுரண்டி வயலுக்கு எடுத்துப்போகச் சொன்னார், அதற்கு மேல் இயந்திரத்தை இறக்க வேண்டாம் என்றார். ஏன் என்பதை அப்பத்தா செய்து காட்டினார். களைக்கொட்டோடு நடுப்பகுதிக்கு மெல்ல நடந்து, ஓரிடத்தில் கிளறி, சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிய கிழங்குகள் சிலவற்றை எடுத்துப் புடவையில் துடைத்தார். கொட்டிக்கிழங்கு. மூதுரையில் ஆம்பலோடும் நெய்தலோடும் வரும் கொட்டியைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். அது தின்னக்கூடிய ஒரு பொருள் என்பது நாற்பத்தாறாவது வயதில் தெரிந்தது. சுட்டுத் தின்றோம். பக்கத்தில் பட்டாணி அளவில் வெளிறிய சிறு முண்டுகளும் இருந்தன. அவை ஹைட்ரில்லாவின் அடிக்கிழங்குகள், சேற்றுக்குள் சில ஆண்டுகள்கூட உறங்கிக் கிடக்கும் என்று ஆசிரியர் பிற்பாடு படத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஐப்பசி மழையில் ஊருணி பாதி நிறைந்தது. மார்கழியில் தட்டு ஒன்றரை முழத்தில் மறைந்தது. அடுத்த ஆண்டு மழை தவறிப் பச்சை திரும்ப வந்தது. முடிச்சு மறுபடியும் சாணுக்கு ஏறியது. படியில் துவைப்பதை நிறுத்தச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம், பாதிப் பேர் கேட்டார்கள். இந்த ஆண்டு தையில் போனபோது இரண்டு முழத்துக்கும் கீழே தட்டு மங்கலாகத் தெரிந்தது. கயிற்றில் இப்போது ஒன்பது முடிச்சுகள் இருக்கின்றன. கயிறும் தட்டும் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் ஆணியில் தொங்குகின்றன.

போன வாரம் அதே வாட்ஸ்அப் குழுவில் ஊரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தான்: "அண்ணே, ஊருணியில மறுபடியும் பாசி வந்துருச்சு. ஞாயித்துக்கெழம எறங்கிரலாமா?" கூடவே ஒரு படம். பெரிதாக்கிப் பார்த்தேன், தண்ணீரின் மேல் வெயில் அடித்திருந்ததால் பச்சையாக ஏதோ இருப்பது மட்டும் தெரிந்தது, இலையா கூழா என்று புரியவில்லை. யாரும் இறங்க வேண்டாம், முதலில் ஒரு குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்து, குச்சியைப் படம் எடுத்து அனுப்பு என்று பதில் போட்டேன். இன்னும் அனுப்பவில்லை.